ஹாஸ்டலுக்குப் பெரிய மனிதர் வருகிறாரா? முதலில் பாத்ரூம் தாழ்ப்பாளைப் பார்!

போன வாரம் ஒரு பெண் போன் செய்தாள். கிருஷ்ணகிரிப் பக்கம் ஒரு கல்லூரியில் புதிதாக டெபுட்டி வார்டன் ஆகியிருக்கிறாள். “அக்கா, பெங்களூரிலிருந்து ஒரு விஞ்ஞானி வருகிறார். நம்ம ஹாஸ்டலிலேயே ரெண்டு நாள் தங்கி பிள்ளைகளோடு பேசப் போகிறார். பேனர், சால்வை, குத்துவிளக்கு எல்லாம் சொல்லியாச்சு. வேற என்ன பாக்கி?”

“ரூமில் வாளி இருக்கா?” என்றேன். அந்தப் பக்கம் சத்தமே இல்லை.

ஓசூரிலும் கிருஷ்ணகிரியிலுமாக இருபத்திரண்டு வருஷம் வார்டனாக இருந்தவள் நான். செய்யாத தப்பு இல்லை. நீயும் அதையெல்லாம் முதலிலிருந்து செய்து பார்க்க வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன். வேலை அவசரத்தில் இருப்பாய். தலைப்புகளை மட்டும் படித்துவிட்டு ஓடினாலும் சரி. ஆனால் 4-ஐயும் 6-ஐயும் தாண்டிப் போகாதே.

ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆடிட்டோரியத்தில் ஒரு மணி நேரம் பேசிவிட்டுக் கிளம்பும் விருந்தாளிக்கு ஹாஸ்டல் தேவையே இல்லை. ஹாஸ்டலில் தங்க வைப்பதே ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு வரும் ஒன்றரை மணி நேரத்துக்காகத்தான். மேடையில் கேட்க வெட்கப்பட்ட பிள்ளை, படிக்கட்டில் பக்கத்தில் வந்து உட்கார்ந்து கேட்கும் நேரம் அது. மற்ற ஏற்பாடெல்லாம் அந்த நேரத்தைக் காப்பாற்றத்தான்.

அப்துல் கலாமை எடுத்துக்கொள். ஜனாதிபதி ஆவதற்கு முன், 2001 டிசம்பரிலிருந்து கிண்டி அண்ணா பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தார், வளாகத்திலேயே தங்கியிருந்தார். 60 பேருக்கான வகுப்பில் ஒவ்வொரு முறையும் 350 பேருக்கு மேல் வந்து உட்கார்ந்தார்கள் என்று அவரே எழுதியிருக்கிறார். 2002 ஜூன் 10 அன்று வகுப்பு முடித்து வந்தவருக்குத்தான் ஜனாதிபதி தேர்தலில் நிற்கக் கேட்டு வாஜ்பாயிடமிருந்து அந்த போன் வந்தது. கொஞ்ச மாதம்தான் இருந்தார். ஆனால் எப்போதாவது விழாவுக்கு வந்து போகிறவராக இல்லாமல், அந்த வளாகத்திலேயே நடமாடிக்கொண்டிருந்தாரே, அதுதான் விஷயம்.

அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழகத்தில் 1936-லிருந்தே இதற்கென்று ஒரு ஏற்பாடு உண்டு. பெரிய ஆட்களை மாணவர் விடுதியிலேயே சில நாள் தங்க வைப்பார்கள். ஜனாதிபதி பதவி முடிந்த ட்ரூமன் 1958-ல் அப்படிப் போய் மாணவர்களோடு இருந்திருக்கிறார். நம் பக்கம் தாம்பரம் கிறித்தவக் கல்லூரியில் சேலையூர், தாமஸ், ஹீபர் என்று ஹால்களுக்கு ஊர்ப்பேர் மாதிரி தனி அடையாளமும், வருஷா வருஷம் ஹால் டேயும் உண்டு. அதே வசதி நமக்கு இல்லை என்று அலுத்துக்கொள்ளாதே. ஒரு சுத்தமான அறை, ஒரு படிக்கட்டு, வாய் குறைத்துக்கொள்ளும் ஒரு வார்டன் போதும்.

1. யாரைக் கூப்பிடுவது?

டி.வி.யில் வருகிறவர்தான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்காதே. அவர் வருவார், செல்ஃபி எடுப்பார்கள், போய்விடுவார். நாம் இருக்கும் இடத்தைப் பார். ஓசூரிலிருந்து நாற்பது கிலோமீட்டரில் பெங்களூர். இந்திய அறிவியல் கழகமும் இஸ்ரோவும் அங்கேதான். கூப்பிடத் தைரியம் இல்லாமல்தான் நம்மில் பாதிப் பேர் கூப்பிடுவதில்லை.

* எழுத்தாளருக்குச் சென்னைக்குப் போன் போடுமுன் ஊருக்குள் பார். ஆதவன் தீட்சண்யா, பா. வெங்கடேசன் இருவருமே ஓசூர்க்காரர்கள்.
* ஓசூர் புத்தகத் திருவிழாவுக்குப் பேச வருகிறவர்களை அப்படியே ஒரு ராத்திரி நிறுத்திக்கொள். பயணச் செலவு மிச்சம். நிகழ்ச்சி நிரல் வந்த அன்றைக்கே கேட்டுவிடு. ஒரு வாரம் கழித்துக் கேட்டால் வேறு ஊருக்கு ஒப்புக்கொண்டிருப்பார்கள்.
* சிப்காட்டில் முப்பது வருஷம் டூல் ரூமில் நின்று ரிட்டயர் ஆன ஃபோர்மேனைக் கூப்பிட்டிருக்கிறாயா? அசோக் லேலண்ட், டி.வி.எஸ்., டைட்டன் எல்லாம் வளர்ந்ததைக் கூடவே இருந்து பார்த்த தலைமுறை அது. மெக்கானிக்கல் பையன்களுக்கு அவர் பக்கத்தில் உட்காருவது இரண்டு கருத்தரங்குக்குச் சமம். ‘சிறப்பு விருந்தினர்’ என்று பத்திரிகையில் அவர் பெயரைப் போட யாராவது முகம் சுளித்தால், நீ சுளிக்காதே.

2. தேதி குறிக்கும் முன்

கம்பெனிக்காரர்களை மாதக் கடைசியில் கூப்பிடாதே. டிஸ்பேட்ச் நெருக்கடி, வருகிறேன் என்பார்கள், வர முடியாது. மார்ச்சை நினைத்தே பார்க்காதே. பிப்ரவரி இரண்டாம் வாரத்தில் நிகழ்ச்சி வைத்துவிட்டு, “பொக்கே விலை இப்படி ஏறிவிட்டதே” என்று புலம்பாதே. காதலர் தினத்துக்கு ஓசூர் ரோஜா ஊர் ஊராகப் போகிற சமயம் அது.

வெள்ளிக்கிழமை மாலை பெங்களூரிலிருந்து ஆளை வரவழைக்காதே. ஞாயிறு மாலை பெங்களூருக்குத் திருப்பி அனுப்பாதே. அத்திப்பள்ளி, சந்தாபுரா நெரிசலில் அவர் சொல்ல நினைத்த நல்ல வார்த்தையெல்லாம் ஆவியாகிவிடும். செவ்வாய், புதன் நல்லது. பிள்ளைகளும் ஊருக்குப் போயிருக்க மாட்டார்கள்.

3. வழி சொல்வது உன் வேலை, கூகுள் வேலை இல்லை

“பெங்களூர் ஏர்போர்ட்டில் இறங்கினால் பக்கம்தானே” என்று வெளியூர்க்காரர்கள் நினைப்பார்கள். தேவனஹள்ளி, ஊருக்கு அந்தக் கோடி. நாம் இந்தக் கோடி. நடுவில் முழுப் பெங்களூரும் இருக்கிறது. விமானத்தில் ஒரு மணி நேரம், காரில் மூன்று மணி நேரம் என்று முன்னாலேயே சொல்லிவிடு. பாதி வழியில் தெரிந்துகொண்டால் உன்மேல்தான் கோபம் வரும்.

பெங்களூருக்குள்ளிருந்து வருகிறவருக்கு இப்போது நல்ல குறுக்குவழி உண்டு. 2025 ஆகஸ்டில் மஞ்சள் வழித்தட மெட்ரோ ஆர்.வி. ரோட்டிலிருந்து பொம்மசந்திரா வரை வந்துவிட்டது. அங்கே வரச் சொல், நீ வண்டியோடு போய் அழைத்து வா. கர்நாடகா டாக்சி என்றால் தமிழ்நாட்டுக்குள் வர பர்மிட் இருக்கிறதா என்று டிரைவரிடம் முந்தின நாளே கேட்டுவிடு. எல்லையில் வண்டியை ஓரங்கட்டி, எழுபது வயதுப் பேராசிரியரை வெயிலில் உட்கார வைத்த பெருமை எனக்கு உண்டு. உனக்கு வேண்டாம்.

கிருஷ்ணகிரிக்குக் கூப்பிடுகிறவர்கள் இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: மாவட்டத் தலைநகரம்தான், ஆனால் ரயில் நிலையம் கிடையாது. விருந்தாளி தானே டிக்கெட் பார்க்க உட்கார்ந்தால் குழம்பிப் போவார். பர்கூர்ப் பக்கம் என்றால் ஜோலார்பேட்டையில் இறங்கச் சொல், இந்தப் பக்கம் என்றால் ஓசூரில். ரயில் எண்ணோடு சேர்த்து மெசேஜ் அனுப்பு.

4. அந்த அறையில் நீ ஒரு ராத்திரி படு

இது கிண்டல் இல்லை. விருந்தாளி வருவதற்கு இரண்டு நாள் முன்பு, நீயே கெஸ்ட் ரூமில் படுத்துப் பார். செக்லிஸ்ட் எழுதி வாட்ச்மேனிடம் கொடுப்பதெல்லாம் உதவாது.

நான் படித்த பாடம் இது. ஒரு ஹாஸ்டலில் ஒரு மூத்த பெண் விஞ்ஞானியைத் தங்க வைத்தோம். புது பெட்ஷீட், மேஜையில் பூ, கதவில் வரவேற்புக் கோலம். காலையில் ஏழரைக்கு டிபனுக்கு வரவில்லை. எட்டாயிற்று. போய்த் தட்டினால் உள்ளேயிருந்து மெல்லிசாக ஒரு குரல்: “யாராவது இருக்கீங்களா?” பாத்ரூம் தாழ்ப்பாள் சிக்கிக்கொண்டது. அந்தத் தாழ்ப்பாள் அப்படித்தான் என்று ஹாஸ்டலில் எல்லாருக்கும் தெரியும். கொஞ்சம் மேலே தூக்கி இழுக்க வேண்டும். எல்லாருக்கும் தெரிந்ததாலேயே யாரும் எழுதி வைக்கவில்லை. எலெக்ட்ரீஷியன் ஸ்க்ரூடிரைவரோடு வந்து திறந்தபோது, அந்த அம்மா கவிழ்த்துப் போட்ட வாளியின் மேல் உட்கார்ந்திருந்தார். வெளியே வந்து, “நல்லவேளை, வாளியாவது வச்சிருந்தீங்க” என்றார். அதனால்தான் இன்றைக்கும் எவர் கேட்டாலும் முதலில் வாளியைக் கேட்கிறேன்.

ஒரு ராத்திரி படுத்தால் என்ன தெரியும் தெரியுமா?

* பிளக் பாயின்ட் கட்டிலிலிருந்து எட்டடி தள்ளி இருக்கும். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வை.
* சோலார் வாட்டர் ஹீட்டர் மேகமூட்டமான நாளில் வெந்நீர் தராது. மாற்று ஏற்பாடு என்ன, யார் கொண்டு வருவார், எத்தனை மணிக்கு?
* ஜன்னலுக்கு நேரே ஹைமாஸ்ட் விளக்கு. திரை இல்லையென்றால் விடிய விடிய கல்யாண மண்டபம்தான்.
* ஃப்ளாஸ்க், குடிக்கும் தண்ணீர், கொசுவுக்கு ஏதாவது ஒன்று. கழிப்பறையில் மக்.

அப்புறம் குளிர். ஓசூர் ஏறத்தாழ மூவாயிரம் அடி உயரத்தில் இருக்கிறது. டிசம்பர், ஜனவரியில் சென்னைக்காரர் அரைக்கைச் சட்டையோடு வந்து இறங்குவார். கம்பளியை அலமாரிக்குள் பூட்டி வைத்துவிட்டு “இருக்கே” என்று சொல்லாதே. கட்டில்மேல் விரித்து வை, கையால் காட்டிக் கொடு.

ராமானுஜன் கதை தெரியுமா? கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரி அறையில் குளிரில் நடுங்கிக்கொண்டிருந்தார். ஓவர்கோட்டையும் சால்வையையும் போர்த்திக்கொண்டு தூங்குவதாகச் சொன்னாராம். நண்பர் மகலனோபிஸ் போய்ப் படுக்கையைப் பார்த்தால் கம்பளிகள் எல்லாம் இருக்கின்றன, மெத்தையோடு சேர்த்து இறுக்கமாகச் செருகி வைத்திருக்கிறார்கள். அதை விலக்கி உள்ளே புகுந்து படுக்க வேண்டும் என்று யாரும் அவருக்குச் சொல்லவில்லை. எவ்வளவு பெரிய மேதையாக இருந்தாலும் உன் ஊர்க் கட்டில் அவருக்குப் புதிது.

5. மெஸ் சாப்பாடு

அன்றைக்கு மட்டும் பன்னீர், ஃப்ரைட் ரைஸ், மூன்று வகை ஸ்வீட் என்று மெஸ் களைகட்ட வேண்டாம். பிள்ளைகள் விவரமானவர்கள். ஒரு முறை விருந்தாளி, “தினமும் இப்படித்தானா சாப்பாடு?” என்று கேட்க, மேஜையே மௌனமாகிவிட்டது. ஒரு ஃபர்ஸ்ட் இயர் பெண் மட்டும், “இல்ல மேம், நீங்க வந்ததால” என்றாள். என் கையில் பாயசக் கிண்ணம். எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

என்றைக்கும் செய்வதைச் செய், சூடாகச் செய். கூட ஒன்று சேர்க்க ஆசைப்பட்டால் நம் ஊர்ச் சாப்பாடாக இருக்கட்டும். ராகிக் களியும் கீரை மசியலும், சீசனில் அவரைக்கொட்டைக் குழம்பும். ஐந்து நட்சத்திர ஹோட்டலில் சாப்பிட்டு அலுத்தவர்கள்தான் இதை இரண்டாம் முறை கேட்டு வாங்குவார்கள். சர்க்கரை, பிரஷர், காரம் பற்றி மட்டும் முன்னாலேயே கேட்டுக்கொள்.

வற்புறுத்திப் பரிமாறாதே. மறுபடி ராமானுஜன்தான். கேம்பிரிட்ஜில் நண்பர்களை அழைத்து அவரே சமைத்துப் போட்டார். இரண்டு முறை ரசம் வாங்கிக் குடித்தவர்கள், மூன்றாம் முறை போதும் என்று சொல்லிவிட்டார்கள். மனசு நொந்து எழுந்து போனவர், சில நாள் கழித்துத்தான் திரும்பி வந்தார். அவர் ராமானுஜன், பொறுத்துக்கொண்டார்கள். மெஸ் மாஸ்டர் கோபித்துக்கொண்டு போனால் நானூறு பேருக்கு நீதான் பொங்க வேண்டும்.

விருந்தாளியின் மேஜையில் யார் உட்காருவது என்பதைச் சீட்டுக் குலுக்கி எடு. விட்டால் ஹாஸ்டல் செக்ரெட்டரி, கல்ச்சுரல் செக்ரெட்டரி, அவர்களின் நண்பர்கள் என்று அதே எட்டுப் பேர்தான் வளைத்து உட்காருவார்கள். வேளைக்கு எட்டுப் பேர், வேளைக்கு வேளை வேறு பேர்.

6. ராத்திரி ஒன்பது மணிக்கு மேல்

இங்கேதான் எல்லாரும் கோட்டை விடுகிறார்கள். சாயங்காலமே இரண்டு மணி நேர விழா வைத்து, பிரின்சிபால், சேர்மன், டீன் எல்லாரும் பேசி முடித்து, விருந்தாளி களைத்துப்போய் அறைக்குள் போய்விடுவார். படிக்கட்டு காலி.

பெரியவர்களைச் சமாளிக்க ஒரு வழி: அவர்களுக்கு நாலரை மணி டீ கொடு. வரவேற்பு, சால்வை, போட்டோ எல்லாம் அங்கேயே. பேப்பருக்கு அனுப்பப் படமும் ஆயிற்று. ஐந்தரைக்கு வீட்டுக்குப் போய்விடுவார்கள், சந்தோஷமாக. செல்ஃபியும் அதே மாதிரிதான். சாப்பாட்டுக்கு முன் பத்து நிமிஷம் ஒதுக்கி மொத்தமாக முடித்துவிடு, பிறகு போன் பைக்குள்.

மேடை, மைக் வேண்டாம். வராந்தாவில் பாய் விரி, இல்லை படிக்கட்டு. முப்பது பேருக்கு மேல் போனால் இரண்டு ராத்திரியாகப் பிரி. அட்டெண்டன்ஸ் மட்டும் எடுத்துவிடாதே. கட்டாயப்படுத்தி உட்கார வைத்த பிள்ளை முகத்தைப் பார்த்துப் பேசுவது பெரிய தண்டனை. முதல் கேள்வி எப்போதும் வராது. அதனால் மத்தியானமே மெஸ் வாசலில் ஒரு டப்பா வைத்து, பெயர் போடாமல் கேள்வி எழுதிப் போடச் சொல். நாலு சீட்டைப் படித்தால் அப்புறம் தானாக வரும்.

மொழியை விட்டுவிடு. தளி, தேன்கனிக்கோட்டை, சூளகிரி, வேப்பனப்பள்ளி பிள்ளைகள் பாதிப் பேருக்கு வீட்டில் தெலுங்கோ கன்னடமோதான்; உருது பேசுகிறவர்களும் உண்டு. “ஸ்பீக் இன் இங்கிலீஷ்” என்று நீ குறுக்கே பாய்ந்தால் அன்றைக்கு அவ்வளவுதான்.

ஒரு முறை பெங்களூரிலிருந்து பயிர் நோய்கள் பற்றி ஆராய்ச்சி செய்யும் ஒருவர் வந்திருந்தார். தளிப் பக்கத்துப் பெண் ஒருத்தி, இரண்டு வருஷத்தில் என்னிடம் “ஓகே மேம்” தவிர எதுவும் பேசாதவள், தூணோரமாக நின்றுகொண்டிருந்தாள். கூட்டம் கலைகிற நேரத்தில் கன்னடத்தில் ஏதோ கேட்டாள். அவர் திரும்பி உட்கார்ந்துவிட்டார். அவர்கள் வீட்டு ராகியில் கதிர்க் கழுத்து கறுத்துப்போய் மணி பிடிக்காமல் நிற்கிறதாம், அப்பா உரக்கடைக்காரர் சொன்ன மருந்தை எல்லாம் அடித்துவிட்டாராம். “குலைநோயாக இருக்கும். கதிரைப் பார்த்தால்தான் சொல்ல முடியும்” என்றார் அவர். அவள் அப்போதே வீட்டுக்குப் போன் போட்டாள். காலையில் முதல் பஸ்ஸில் கண்டக்டர் கையில் கொடுத்துவிட்ட ஒரு தினத்தந்திப் பொட்டலம் வந்தது. உள்ளே ஈரத்துணியில் சுற்றிய நாலு கதிர். மெஸ் மேஜையில், இட்லித் தட்டை ஒதுக்கிவிட்டு, லென்ஸோடு அவர் குனிய, அவளும் குனிய, பின்னால் இருபது தலைகள்.

அன்று காலை ஒன்பது மணிக்கு ‘இன்டஸ்ட்ரி இன்ஸ்டிட்யூட் இன்டராக்ஷன்’ என்று நான் ஒன்று போட்டு வைத்திருந்தேன். அதை ரத்து செய்ததுதான் அந்த வருஷம் நான் செய்த நல்ல காரியம். அதனால் இரண்டாம் நாள் காலையை காலியாக விடு. எதுவும் நடக்காவிட்டால் தொரப்பள்ளிக்கு அழைத்துப் போ. ராஜாஜி 1878-ல் பிறந்த வீடு, நினைவு இல்லமாக இருக்கிறது. கூட நாலு பிள்ளைகளை அனுப்பு, நீ போகாதே. நீ வண்டியில் இருந்தால் அவர்கள் பேச மாட்டார்கள்.

7. இதில் மட்டும் கறாராக இரு

ஆண் விருந்தாளி பெண்கள் ஹாஸ்டலில் தங்கக் கூடாது. கல்லூரி கெஸ்ட் ஹவுஸ்தான். பேச்சு காமன் ரூமிலோ வராந்தாவிலோ. மாடிக்கு யாரும் போக வேண்டாம். பையன்கள் ஹாஸ்டலுக்குப் பெண் விருந்தாளி வந்தாலும் இதே சட்டம். நீ கண்ணில் படுகிற தூரத்தில், காதில் விழாத தூரத்தில் உட்கார்ந்திரு. ஸ்வெட்டர் பின்னு, விடைத்தாள் திருத்து. பத்தரைக்கு எழுந்து, “சாருக்குத் தூக்கம் வருது” என்று நீதான் சொல்ல வேண்டும். அவராகச் சொல்ல மாட்டார்.

8. சால்வை, ஷீல்டு

ஒரு சால்வை போதும். கண்ணாடி நினைவுப் பரிசு வேண்டவே வேண்டாம். பெட்டியில் உடையும், வீட்டில் வைக்க இடம் இருக்காது. ஜூனில் வந்தால் மல்கோவாவோ செந்தூராவோ ஒரு டஜன் அட்டைப்பெட்டியில் கட்டிக் கொடு. கிருஷ்ணகிரிக்காரியாக இருந்துகொண்டு மாம்பழம் கொடுக்காமல் ஷீல்டு கொடுத்தால் ஊர் சிரிக்கும்.

9. டிரைவர், பணம்

விருந்தாளிக்கு ரூம் போட்டாய். டிரைவர் எங்கே படுப்பார்? வண்டிக்குள்ளா, ஜனவரிக் குளிரிலா? அவருக்கும் ஒரு கட்டில், ஒரு கம்பளி, நேரத்துக்குச் சாப்பாடு.

2015 ஜூலை 27 அன்று கலாம் கவுகாத்தியிலிருந்து ஷில்லாங்குக்குக் காரில் போனார், கடைசிப் பயணமாக. முன்னால் போன திறந்த ஜீப்பில் பாதுகாப்புக்கு ஒரு வீரர் நின்றுகொண்டே வந்தார். அவரை உட்காரச் சொல்லுங்கள் என்று வழியெல்லாம் கேட்டுக்கொண்டே இருந்தாராம். போய்ச் சேர்ந்ததும் அந்த வீரரைக் கூப்பிட்டு நன்றி சொல்லி, சாப்பிட ஏதாவது வேண்டுமா என்று கேட்டார். வருகிற பெரிய மனிதர்கள் இதையெல்லாம் கவனிப்பார்கள், தங்கச்சி. நீ கவனிக்காததையும் சேர்த்து.

பயணப்படியை அன்றைக்கே கவரில் போட்டுக் கொடு. “வவுச்சர் அனுப்பறோம், பேன் கார்டு காப்பி, கேன்சல்டு செக்” என்று மூன்று மாதம் இழுத்தடித்தால் அவர் மட்டுமல்ல, அவர் நண்பர்களும் உன் ஹாஸ்டல் பக்கம் வர மாட்டார்கள். ஆபீசில் ஒப்புக்கொள்ளவில்லையென்றால் வங்கி விவரத்தை முதல் கடிதத்திலேயே கேட்டு வாங்கிவிடு.

10. அவர் போன பிறகு

நன்றிக் கடிதத்தை நீ எழுதாதே. கேள்வி கேட்ட பிள்ளைகளில் இரண்டு பேரை எழுதச் சொல், எந்த மொழியிலும். திருத்தாதே. அந்த ராகிக் கதிர்ப் பெண் எழுதியதில் நாலு எழுத்துப் பிழை இருந்தது. அப்படியே அனுப்பினேன். பதில் அவள் பேருக்கே வந்தது.

வண்டி கேட்டைத் தாண்டியதும் அறைக்குப் போ. பெருக்குகிற அம்மா வருவதற்கு முன் போ. தலையணைக்கு அடியில் மூக்குக்கண்ணாடி, எட்டடி தள்ளி இருக்கும் பிளக்கில் சார்ஜர், ஜன்னல் விளிம்பில் மாத்திரை டப்பா. மூன்றில் ஒன்று கட்டாயம் இருக்கும். வண்டி இன்னும் எல்லையோர ஜூஜூவாடியைத் தாண்டியிருக்காது, உடனே போன் போடு.